"ஒளிஞ்சுக்கிறேனுங்ண்ணா!": டி அண்ட் டி ஸ்டெல்த் விதிகள், நாள்பட ஆடிப் பார்த்ததில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். அதன் சண்டையில் ஸ்டெல்த், அதாவது ஒளிந்துகொள்ளும் விதிக்கு வருகிற அளவு வாக்குவாதம் வேறு எந்த விதிக்கும் வராது. ரோக் (பதுங்கி அடிக்கும் பாத்திரம்) ஆடுபவர் "ஒளிஞ்சுக்கிறேனுங்ண்ணா" என்று சொல்லிக்கொண்டே டி20 என்ற இருபது முக டைஸை உருட்டிவிடுவார். 19 விழுந்த பிறகு "அங்கே மறைவே இல்லையே" என்று டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்? டி அண்ட் டி-யின் 2014 விதிகள், 2024 விதிகள், அதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு என மூன்றையும் கோவை, திருப்பூர்ப் பக்கம் டேபிள் போட்டு ஆடியதில் தேறியது இதுதான்: "எங்க கண்ணு ஒளியறே?" என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை டைஸைத் தொட விடக் கூடாது.

2014 புத்தகம், தன்னைத் தெளிவாகப் பார்க்கும் எதிரியிடம் ஒளிய முடியாது என்று சொல்லிவிட்டு மிச்சத்தை டிஎம் தலையில் கட்டிவிடும். 2024 கறாராகப் பேசுகிறது. அடர்ந்த மறைப்புக்குள்ளோ, முக்கால் கவர் (உடலில் முக்கால் பங்கை மறைக்கும் தடுப்பு) அல்லது முழுக் கவருக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். எந்த எதிரியின் பார்வைக் கோட்டிலும் இருக்கக் கூடாது. அதன்பின் ஸ்டெல்த் உருட்டி 15 எட்டினால் 'இன்விசிபிள்' (கண்ணுக்குத் தெரியாத) நிலை. வந்த மொத்த எண்ணைக் குறித்துவைக்க வேண்டும், தேடுகிறவன் எட்ட வேண்டிய டிசி (இலக்கு எண்) அதுதான்.

இந்த வரையறையை நம்மூர் மேப்பில் வைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். தென்னை மரம் அரைக் கவர்தான். 2014 புத்தகமே ஒல்லியான மரத்தை அரைக் கவரிலும் பருத்த மரத்தை முக்காலிலும் வைக்கிறது. அதனால் தோப்புக்குள் ஓடினால் ஏசி (அடி படாமல் காக்கும் எண்) +2 கிடைக்கும், ஒளிய முடியாது. பெரிய புளியமரம் முக்கால். கொறங்காட்டைச் சுற்றி நெருக்கமாக வளர்ந்த கிளுவை வேலிக்குப் பின்னால் குத்தவைத்தால் முழுக் கவர் என்றே தரலாம். ஆள் உயரக் கரும்புக்காடு அடர்ந்த மறைப்பு. ஆனால் சோகை உரிக்காத காட்டில் காலை வைத்தால் சரசரக்கும், அங்கே நகர்ந்துகொண்டே ஒளிபவருக்கு டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிச் சிறியதை எடுப்பது) கொடுப்பது நியாயம். இடுப்பளவு மஞ்சள் காட்டில் படுத்தால் உண்டு, நின்றால் இல்லை. இதையெல்லாம் ஆட்டம் தொடங்கும்முன் மேப்பில் பென்சிலால் எழுதிவிடுங்கள். பாதித் தகராறு அங்கேயே தீரும்.

அடுத்த கோளாறு டிஎம் பக்கம். ரோக் 17 எடுத்து ஒளிந்திருக்கிறார், எதிரே ஆறு கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்), அவற்றின் பெர்செப்ஷன், அதாவது கண்டறியும் திறன், -1. ஆறுக்கும் தனித்தனியாக உருட்டினால், ஒவ்வொன்றுக்கும் 18, 19, 20 விழ வேண்டும், அதாவது 15 சதவீதம். குறைந்தது ஒன்றாவது கண்டுபிடிக்கும் வாய்ப்பு சுமார் 62 சதவீதம்! உருட்டாமலே எப்போதும் இருக்கும் பாசிவ் பெர்செப்ஷன் 9-ஐ வைத்து ஒப்பிட்டால் ஒன்றுக்கும் தெரியாது. ஆகவே சும்மா நிற்கும் எதிரிக்குப் பாசிவ் மட்டும் போதும். உருட்டித்தான் தேட வேண்டுமென்றால் அது தன் ஆக்‌ஷனைச் செலவழித்து சர்ச் (தேடல்) எடுக்கட்டும். ஒரு கோப்ளினின் அடியை வீணடித்ததே ரோக்குக்கு லாபம்தான்.

இருட்டு என்றாலே ஒளியலாம் என்பது இன்னொரு தப்புக் கணக்கு. டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) உள்ளவனுக்குத் தன் எல்லைக்குள், பெரும்பாலும் 60 அடிக்குள், கும்மிருட்டும் மங்கல் வெளிச்சம்தான். மங்கல் என்பது லேசான மறைப்பு, ஒளிய அது பத்தாது. ஆனால் அவனுக்குப் பார்வை சார்ந்த பெர்செப்ஷனில் டிஸ்அட்வான்டேஜ், பாசிவில் 5 குறையும். மூட்டைக்குப் பின்னால் ஏற்கெனவே ஒளிந்திருப்பவருக்கு அந்த 5 பெரிய உதவி.

அடித்தால் மறைவு போச்சு. அந்த அடிக்கு அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது) உண்டு, ரோக்கின் கூடுதல் சேதமான ஸ்னீக் அட்டாக் சேரும், பட்டாலும் படாவிட்டாலும் இடம் தெரிந்துவிடும். இரண்டாம் லெவலிலிருந்து ரோக் கன்னிங் ஆக்‌ஷனில், கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனாகவே மறுபடி ஒளியலாம். அதே மூட்டைக்குப் பின்னால் ஒவ்வொரு ரவுண்டும் ஒளிவதை விதி தடுக்கவில்லை. டிஎம்மும் தடுக்க வேண்டாம். எதிரி ஒருவன் சுற்றி வந்து மூட்டைக்குப் பின்னால் நின்றாலே முடிந்தது.

2024-இல் உண்மையான ஓட்டை வேறு. மறைவு முடிய அது சொல்லும் காரணங்கள்: கிசுகிசுப்பை மிஞ்சிய சத்தம், எதிரி கண்டுபிடிப்பது, அட்டாக் ரோல், வாயால் சொல்லும் மந்திரம். மறைவிலிருந்து வெட்டவெளிக்கு நடந்து வந்தால் என்ன ஆகும் என்று நேராகச் சொல்லவில்லை. எழுத்துப்படி வாதாடினால் பட்டப்பகலில் களத்துமேட்டைக் கடந்து போகலாம். எங்கள் டேபிள் விதி: தன் டர்ன் முடியும்போது மறைவில்லாமல் எதிரி கண்ணில் பட்டால் ஒளிவு போய்விடும், அதே டர்னுக்குள் ஓடிவந்து குத்தினால் அட்வான்டேஜ் நிற்கும். கத்தி ரோக்கும் பிழைக்கிறார், வில் ரோக்கும் பிழைக்கிறார்.

பாஸ் வித்தவுட் ட்ரேஸ் மந்திரம் ஸ்டெல்த் உருட்டலுக்கு +10 தரும். செயின் மெயில் கவசம் போட்டு டிஸ்அட்வான்டேஜில் உருட்டும் +0 ஃபைட்டர்கூட 15-ஐ எட்ட 64 சதவீத வாய்ப்பு. இது கையில் இருந்தால் ஸ்டெல்த் விதியே அநாவசியம் என்ற நிலை வரும். கவனம் சிதறினால் கலையும் கான்சன்ட்ரேஷன் மந்திரம் என்பதால் போட்டவரை எதிரி குறிவைத்து அடிப்பதுதான் மருந்து. பதுங்கித் தாக்குவதன் பலன் 2024-இல் இறங்கிவிட்டது. முன்பு திகைத்த எதிரிக்கு முதல் டர்னே போகும், இப்போது இனிஷியேட்டிவில் (யார் முதலில் என்ற உருட்டலில்) டிஸ்அட்வான்டேஜ் மட்டும். திட்டம் போட்டு மறைந்திருந்தவர்களுக்கு இது சப்பென்றிருக்கும். ஆனால் எதிரி கை தூக்குமுன்பே சண்டை முடிவதும் நின்றது.

பாத்ஃபைண்டர் இதில் துல்லியம், கூடவே சுமை. டிஎம் ரகசியமாக உருட்டுவார். இருக்குமிடம் தெரிந்து ஆள் தெரியாவிட்டால் 'ஹிடன்', அடிப்பவர் முதலில் தனியாக 11 அல்லது அதற்கு மேல் போட வேண்டும்; இடமும் தெரியாவிட்டால் 'அன்டிடெக்டட்'. இதை ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், இரண்டு பேர் ஒளிந்து நான்கு எதிரிகள் என்றால் எட்டுக் கணக்கு. பனியன் கம்பெனியில் மிஞ்சும் கலர் பட்டன்கள் இதற்கு அருமை: ஹிடனுக்குச் சிவப்பு, அன்டிடெக்டடுக்குக் கறுப்பு, எதிரியின் பொம்மைக்குப் பக்கத்தில். அன்டிடெக்டட் ஆனவரின் பொம்மையை மேப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் டிஎம்முக்கே தன்னையறியாமல் கோப்ளினை அந்தப் பக்கம் நகர்த்தத் தோன்றும்.