அச்சில் குறை: அச்சைத் திருத்துவதா, வாலைத் திருத்துவதா?

காலில் மாட்டிக்கொண்டு நீந்தும் சிலிக்கோன் கடற்கன்னி வால் செய்வதில் வயிற்றைக் கலக்கும் நாள், பிளாஸ்டர் அச்சின் இரு பாதிகளையும் பிரிக்கும் நாள்தான். களிமண் சிற்பத்தை வழித்தெடுத்துவிட்டு உள்ளே பார்த்தால், குமிழ் விழுந்த குழிகள், உடைந்த செதில் ஓரங்கள், சரியாகச் சேராத விளிம்பு என்று ஏதாவது ஒன்று கண்ணில் படாமல் இராது. அப்போது மூன்று வழிகள் உண்டு. புது அச்சு எடுக்கலாம். இருக்கும் அச்சைப் பூசிச் சரிசெய்யலாம். அச்சை அப்படியே விட்டு, வாலை வார்த்து முடித்தபின் குறையை வாலிலேயே திருத்தலாம். என் தங்கைக்கு வால் செய்தபோது நான் மூன்றாவது வழியில் போனேன். இன்னொரு வால் செய்தாலும் பெரும்பாலும் அதில்தான் போவேன்.

புது அச்சு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அச்சைப் பிரிக்கும்போதே சிற்பம் சிதைந்துவிடும். அதனால் புது அச்சு என்றால் செதில்களை மறுபடியும் முதலிலிருந்து செதுக்க வேண்டும். அவ்வளவுக்குப் பொறுமை இருப்பவர்கள் பிளாஸ்டரை விட்டுவிட்டு ஃபைபர் கிளாஸுக்கு மாறிக்கொள்ளலாம். எடை வெகுவாகக் குறையும், ஓரமும் எளிதில் உடையாது.

அச்சைத் திருத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அச்சில் எல்லாமே தலைகீழ். அச்சில் குழி இருந்தால் வாலில் பரு வரும். அச்சில் களிமண் துணுக்கு ஒட்டியிருந்தால் வாலில் பள்ளம் விழும். செதிலுக்கு அடியில் நுழைந்திருக்கும் மெல்லிய பிளாஸ்டர் உதடு உடைந்து போனால், அந்த இடத்தில் சிலிக்கோன் நிறைந்து, செதிலின் ஓரம் உடம்போடு சேர்ந்து மழுங்கிவிடும். பிளாஸ்டர் அச்சில் வரும் விபத்துகளில் பெரும்பாலானவை இப்படி வாலில் கூடுதலாகச் சதை வைப்பவைதான். கூடுதலை வெட்டிவிடலாம். வளைந்த முனையுள்ள சிறிய கத்தரி ஒன்று போதும், பரு அடியோடு போய்விடும். மழுங்கிய செதில் ஓரத்தை அறுவைக் கத்தியால் சாய்வாகக் கீறித் தூக்கிவிடலாம். இரு பாதிகளும் சேரும் கோட்டில் வரும் பிசிறும் அப்படித்தான். பக்கத் துடுப்புகளை அந்தக் கோட்டின் மேலேயே ஒட்டினால், வெட்டிய தடம்கூட வெளியே தெரியாது.

இதே வேலையை அச்சில் செய்யப் போனால் என்ன ஆகும்? காய்ந்த பிளாஸ்டர் வெயிலில் கிடந்த செங்கல் மாதிரி தண்ணீரை இழுக்கும். நனைக்காமல் பூசினால், பூச்சில் இருக்கும் நீரெல்லாம் பழைய பிளாஸ்டருக்குள் போய், பூச்சு பொடியாக உதிரும். நன்றாக நனைத்துப் பூசினால், அந்த ஈரம் முழுக்க வற்றும்வரை வார்க்கக் கூடாது. ஈர அச்சில் ஊற்றினால் சிலிக்கோனின் மேற்பரப்பில் குமிழ் வரும். இவ்வளவும் செய்தபின், கைவிரல் நுனியால் தடவிய பூச்சில் செதிலின் நுண்கோடுகள் இருக்காது. பருவுக்குப் பதிலாக வழுவழுப்பான ஒரு திட்டு கிடைக்கும், அவ்வளவுதான். ஓரிரண்டு பெரிய குழிகள் மட்டும் என்றால், கந்தகம் இல்லாத மெழுகுக் களிமண்ணை அதில் அடைத்துவிட்டு ஊற்றலாம். அதற்கு மேல் அச்சில் கை வைப்பது எனக்கு உவப்பானதல்ல.

ஆனால் என்னை முடிவு செய்ய வைத்தது இது எதுவுமல்ல, பராமரிப்பு. ஒரே ஒரு வால் செய்பவருக்கு, அச்சின் வேலை ஒரு வார்ப்போடு முடிந்தது. வாலின் வாழ்க்கை அன்றுதான் தொடங்குகிறது. நீச்சல் குளத்தின் சிமெண்ட் விளிம்பில் வால்துடுப்பு உரசும். உள்ளே இருக்கும் மோனோஃபினின் (இரு கால்களுக்கும் சேர்த்து மாட்டும் ஒற்றைத் துடுப்பு) முனை ஓரத்தைக் குத்தும். ஏறி இறங்கும்போது நகம் படும். சிலிக்கோனில் சின்னக் கீறல் விழுந்தால் அது நின்ற இடத்தில் நிற்காது, இழுக்க இழுக்க ஓடும். ஆகவே வாலை ஒட்டுப்போடும் கைப்பழக்கம் எப்படியும் வந்தே தீர வேண்டும். அச்சுப் பிழைகள் அதற்கு நல்ல பயிற்சி. அச்சைப் பூசக் கற்றுக்கொண்டதை அதன்பின் எங்கே பயன்படுத்துவது?

பள்ளத்தை நிரப்புவது இப்படி. சிலிக்கோனில் சிலிக்கோனைத் தவிர வேறு எதுவும் உருப்படியாக ஒட்டாது. ஃபெவிகுவிக்கை எல்லாம் மறந்துவிடுங்கள். இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட வேண்டும். வால் எந்த ரகமோ அதே ரகத்தையே கலக்க வேண்டும். வால் வார்க்கப் பயன்படும் டிராகன் ஸ்கின் என்ற சிலிக்கோனில், 10 என்ற ரகம் தன் நீளத்தைப் போல் 10 மடங்கு கூடுதலாக இழுபடும், 30 என்ற ரகம் மூன்றரை மடங்கு மட்டுமே. மெத்தென்ற உடம்பில் விறைப்பான ஒட்டு போட்டால், வளையும்போது ஒட்டின் ஓரம் எழும்பப் பார்க்கும். வழிந்து ஓடாமல் இருக்கக் கெட்டியாக்கும் திரவம் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, பள்ளத்தில் தடவி, மேலே மெல்லிய பாலித்தீன் தாளைப் போர்த்தி, கரண்டிக் காம்பின் முனையால் பக்கத்துச் செதிலின் கோட்டைத் தொடர்ந்து அழுத்தி வரைய வேண்டும். தாள் சிலிக்கோனில் ஒட்டாது. இறுகியதும் தோல்போல் உரிந்து வரும். ஒட்டு கொஞ்சம் பளபளக்கும், வண்ணம் பூசும்போது அது மறைந்துவிடும். வண்ணமும் சிலிக்கோனில் கலந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதால், திருத்தங்களையெல்லாம் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். டிராகன் ஸ்கின் 10 மீடியம் கலந்தபின் 23 டிகிரியில் 20 நிமிடம் தாக்குப்பிடிக்கும், 5 மணி நேரத்தில் இறுகும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. சென்னை மே மாதத்தில் அந்த 20 நிமிடத்தை நம்பி உட்காரக் கூடாது.

இந்த வழி கை கொடுக்காத இடங்களும் உண்டு. கணுக்காலுக்குக் கீழே, உடம்பு வால்துடுப்போடு சேரும் குறுகிய பகுதி ஒவ்வொரு உதைக்கும் மடங்கி நிமிர்கிறது. அங்கே பள்ளம் விழும் என்று அச்சிலேயே தெரிந்தால், அச்சைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். மடியும் இடத்தில் போட்ட ஒட்டை நான் நம்ப மாட்டேன். விற்பனைக்காக ஒரே அச்சில் வால் மேல் வாலாக வார்ப்பவர்களின் கணக்கும் வேறு. ஒவ்வொரு வாலிலும் அதே பருக்களை வெட்டிக்கொண்டிருப்பதைவிட அச்சை ஒரு முறை திருத்துவதே அவர்களுக்கு மலிவாக இருக்கும். எனக்கு அந்த அனுபவம் இல்லை. கடல் நீரில் இந்த ஒட்டுகள் எத்தனை நாள் நிற்கும் என்றும் என்னைக் கேட்காதீர்கள், நான் பார்த்ததெல்லாம் குளம்தான்.

இறுகாமல் போவது மட்டும் தனிக் கதை. டிராகன் ஸ்கின் போன்ற, பிளாட்டினம் சேர்மத்தால் இறுகும் பிளாட்டினம் வகை சிலிக்கோனுக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த களிமண்ணின் எச்சம், லேட்டக்ஸ் கையுறை, முன்பு டின் (வெள்ளீயம்) வகை சிலிக்கோன் கலந்த வாளி, எது பட்டாலும் வாலின் மேல்தோல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். எத்தனை நாள் காத்திருந்தாலும் காயாது, அதன்மேல் போடும் ஒட்டும் பிடிக்காது. இங்கே அச்சில்தான் வேலை. எச்சத்தைச் சுரண்டிக் கழுவி உலர்த்தி, அக்ரிலிக் ஸ்பிரேயை மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். கனமாக அடித்தால் செதில்கோடுகள் அடைந்துவிடும். பிறகு ஒரு கரண்டி சிலிக்கோனைக் கலந்து, அச்சின் மூன்று நான்கு மூலைகளில் சிறிது சிறிதாகத் தடவி வைத்துவிட்டு, மறுநாள் காலை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் பிசுபிசுத்தாலும் சிலிக்கோன் வாளியைத் திறக்க வேண்டாம். மறுபடி கழுவி, மறுபடி பூசுங்கள்.