ஈகிள்ஸின் 2024 டிராஃப்ட்: 40-ஆம் இடத்துக்குக் கொடுத்த விலை தகுமா?

அமெரிக்கக் கால்பந்து (என்எஃப்எல்) அணியான பிலடெல்பியா ஈகிள்ஸ், அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில், 2024 ஏப்ரலில் ஒன்பது பேரை எடுத்தது. அதில் கார்னர்பேக்குகளான (எதிரணியில் பாஸ் வாங்குபவரை மறிப்பவர்கள்) குவின்யான் மிட்செல், கூப்பர் டிஜீன் இருவரை மட்டும் கணக்கில் எடுத்தாலே போதும், முதல் தர மதிப்பெண் கொடுத்துவிடலாம். கடைசி ரவுண்டுகளில் வந்தவர்களில் பலர் பெஞ்சைத் தாண்டவில்லை. அது பெரிய குறையும் இல்லை.

2023 சீசனை 10-1 என்று தொடங்கிய அணி, பிளேஆஃப் ஆட்டத்தையும் சேர்த்துக் கடைசி ஏழில் ஆறைத் தோற்றது. ஓட்டை எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. பாஸ் மூலம் விட்டுக்கொடுத்த கஜக் கணக்கில் 32 அணிகளில் 31-ஆம் இடம். ஓரங்களில் நிற்கும் வெளிக் கார்னர்களில் ஸ்லேவுக்கு 33 வயது, பிராட்பெரிக்கு 30. ஸ்லாட்டில் (ஓரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடம்) ஆடும் மாடாக்ஸ் இரண்டாவது ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறினார். அந்த இடத்தில் யார் யாரையோ நிறுத்தி ஒப்பேற்றினார்கள். எதிரணிகள் அங்கேயே குறிவைத்து அடித்தன.

2002-இல் லிட்டோ ஷெப்பர்டை எடுத்த பிறகு முதல் ரவுண்டில் கார்னர்பேக்கே எடுக்காத அணி இது. 2024 டிராஃப்டில் முதல் 14 பேரும் தாக்குதல் பக்கத்து ஆட்டக்காரர்களாகவே போனார்கள். அதனால் தடுப்புப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் கீழே இறங்கி வந்தார்கள். அந்த ஆண்டின் முதல் கார்னரான மிட்செல் 22-ஆம் இடத்திலும் கிடைத்தார், ஒரு பிக்கைக்கூட (ஆள் எடுக்கும் முறை) விட்டுக்கொடுக்காமல். 40 கஜத்தை 4.33 விநாடியில் ஓடியவர். ஆனால் படித்தது டொலிடோ. பெரிய அணிகளோடு அதிகம் மோதாத கல்லூரி என்பதால் சந்தேகப்பட்டார்கள். வழக்கமான சீசனில் ஓர் இன்டர்செப்ஷன் (எதிரணியின் பாஸைப் பறிப்பது) கூட எடுக்கவில்லை என்பதை வைத்து அவரை எடை போடுவது தவறு. பந்து அவர் பக்கம் போகாமல் இருப்பதுதான் வெளிக் கார்னரின் வேலை.

டிஜீன் கதைக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 50, 53, 161 ஆகிய மூன்று பிக்குகளையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து 40, 78, 152 வாங்கினார் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மேன். பிக்குகளின் மதிப்பைப் புள்ளியாகச் சொல்லும் ஜிம்மி ஜான்சன் பட்டியல்படி 50-க்கு 400 புள்ளி, 53-க்கு 370, 40-க்கு 500, 78-க்கு 200. 161, 152 இரண்டையும் சேர்த்தால் ஈகிள்ஸ் சுமார் 65 புள்ளி கூடுதலாகக் கொடுத்தது. நாலாம் ரவுண்டு பிக் ஒன்றின் விலை. வாங்கிய 78-ஐ அப்படியே வைத்துக்கொள்ளாமல் இரண்டு முறை கீழே இறங்கி, வழியில் வேறு பிக்குகளையும் சேர்த்துக்கொண்டு, 94-இல் எட்ஜில் (முன்வரிசையின் ஓரம்) ஆடும் ஜேலிக்ஸ் ஹன்ட்டை எடுத்தார்கள். விட்டதை அங்கே ஈடுகட்டியாகிவிட்டது. வாஷிங்டனும் ஏமாறவில்லை. 50-இல் அவர்கள் எடுத்த மைக் சைன்ரிஸ்டில், டெட்ராய்ட்டுக்கு எதிரான பிளேஆஃபில் இரண்டு இன்டர்செப்ஷன் எடுத்தார்.

டிஜீன் 40 வரை கீழே வந்ததற்குக் காரணம், முந்தைய நவம்பரில் முறிந்த கால் எலும்பு. பயிற்சி முகாமிலும் தொடைத் தசைக் காயம். ஆகவே ஆறாவது வாரம்தான் ஸ்லாட்டில் இறங்கினார். தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபேஞ்சியோவின் முறையில் இரண்டு சேஃப்டிகள் (கடைசிக் காவலர்கள்) பின்னால் ஆழத்தில் நிற்பார்கள். முன்வரிசையில் ஆள் குறையும். அந்தக் குறையை நிரப்புவது ஸ்லாட் கார்னர்தான். பாஸைத் துரத்தத் தெரிந்தால் மட்டும் போதாது, ஓட்டத்தையும் நெஞ்சு கொடுத்து நிறுத்தத் தெரிய வேண்டும். டிசம்பர் 1, பால்டிமோர் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். 247 பவுண்டு டெரிக் ஹென்றி பந்தோடு வருகிறார். அவரைவிட 40 பவுண்டுக்கு மேல் இலேசான டிஜீன் ஒதுங்கவில்லை, காலைப் பிடிக்கவும் பாயவில்லை. நேருக்கு நேர் மோதி, கட்டிப் பிடித்து, பின்னால் சாய்க்கிறார். 40-ஆம் பிக் எதற்காக என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் 38 கஜம் ஓடி அடித்த டச்டவுன் அதற்கு மேல் கிடைத்த லாபம். சீசன் முடிவில் பாஸ் தடுப்பில் ஈகிள்ஸ் முதலிடம்.

இந்த இருவரும் இவ்வளவு எடுபட்டதற்கு முன்வரிசையும் ஒரு காரணம். அந்த இறுதி ஆட்டத்தில் கூடுதலாக ஓர் ஆளைக்கூட அனுப்பாமல், எதிரணியில் பாஸ் வீசும் மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தினார்கள். நாலு பேரே போதுமென்றால் பின்னால் ஏழு பேர் மிஞ்சுவார்கள். தாக்குதல் வரிசையும் அப்படித்தான், பல ஆண்டு நாற்று. 2013-இல் நாலாவதாக வந்த லேன் ஜான்சன், 2018-இல் 233-ஆம் இடத்தில் எடுத்த ஆஸ்திரேலிய ரக்பி ஆட்டக்காரர் ஜோர்டன் மைலாட்டா, 2021-இல் முழங்கால் காயத்தோடு வந்த டிக்கர்சன். வரிசையின் நடுவில் நின்ற ஜேசன் கெல்சி ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 2022-இல், கேம் ஜர்கன்ஸை வாங்கி வைத்தார்கள். சாக்வான் பார்க்லி 2,005 கஜம் ஓடியதில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

தவறும் நடந்தது, அது டிராஃப்டில் அல்ல, ஒப்பந்தம் முடிந்தவர்களை வாங்கும் சந்தையில். பிரைஸ் ஹஃபுக்கு மூன்று ஆண்டுக்கு 51.1 மில்லியன் டாலர். ஜெட்ஸில் பாஸ் வரும் சூழலில் மட்டும் இறங்கி 10 சாக் (பாஸ் வீசுபவரைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்தவர். ஃபேஞ்சியோவின் எட்ஜ் ஆட்டக்காரர் ஓட்டத்தை ஓரத்தில் மறிக்கவும் வேண்டும், சில நேரம் பின்வாங்கி பாஸைக் காக்கவும் வேண்டும். அந்த வேலை ஹஃபுக்கு ஒத்துவரவில்லை. 2.5 சாக், சூப்பர் பௌலில் உடுப்பே போடவில்லை. அதே சமயத்தில் ஓராண்டுக்கு 3.5 மில்லியனுக்கு வந்த ஸாக் பானை, எட்ஜிலிருந்து உள்பக்க லைன்பேக்கராக (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) மாற்றினார்கள். ஆண்டின் சிறந்தவர்களைக் கொண்ட முதல் ஆல்-ப்ரோ அணியில் இடம்பிடித்தார். ஆள் நல்லவரா என்பதைவிட, இந்த முறைக்குப் பொருந்துவாரா என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் வைத்தாலே விளங்கும்.

ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே விலை ஏறாது. புதியவரின் நான்கு ஆண்டுச் சம்பளம், எடுத்த இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய முன்பே முடிவானது. முதல் ரவுண்டுக்காரரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு, இரண்டாம் ரவுண்டுக்காரருக்கு அது கிடையாது. ஆகவே மிட்செலைவிட டிஜீனின் பில்தான் முதலில் மேசைக்கு வரும். 2026 சீசன் முடிந்ததுமே பேச்சுத் தொடங்கலாம்.

அதற்கு இடம் விட்டுத்தான் 2025 மார்ச்சில் ஜோஷ் ஸ்வெட், மில்டன் வில்லியம்ஸ், மெக்கை பெக்டன் மூவரையும் போக விட்டார்கள். வில்லியம்ஸுக்கு நியூ இங்கிலாந்து கொடுத்தது 104 மில்லியன். ஈகிள்ஸ் அந்தத் தொகையைத் தொடாதது சரியே. ஆனால் ஸ்வெட் போன இடம் ஹன்ட்டின் தலையில் விழுந்தது. கார்னெல் கல்லூரியில் சேஃப்டியாக ஆடத் தொடங்கியவர். முதல் சீசனில் 1.5 சாக். 2025 டிராஃப்டில் 31-ஆம் இடத்தில் எடுத்த லைன்பேக்கர் ஜிஹாட் கேம்பல், தோள் அறுவைச் சிகிச்சையால் அவ்வளவு கீழே வந்தவர். டிஜீனிடம் பலித்த அதே பந்தயம்தான். எட்ஜில் அனுபவமுள்ள ஒருவரையும் வாங்கி வைப்பது நல்லது என்று அப்போது தோன்றியது.