பேட்டர்சன் டேங்க்: அடியில் எழுதியிருக்கும் 290-ஐ நம்பி ஊற்றாதீர்கள்

வீட்டில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவப் பலரும் முதலில் வாங்குவது பேட்டர்சன் சூப்பர் சிஸ்டம் 4, இரண்டு ரீல் (பிலிமைச் சுற்றி வைக்கும் சக்கரம்) பிடிக்கும் டேங்க். நெகட்டிவ் சீராக வராவிட்டால் வெளிச்சம் கசிகிறதோ என்றுதான் முதல் சந்தேகம் எழும். நடுக்குழாயைப் போட்டு, புனல் மூடியை ‘க்ளிக்’ கேட்கும்வரை திருகியிருந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. கோளாறு பெரும்பாலும் ஊற்றும் அளவில் இருக்கிறது.

35 மி.மீ. சுருளுக்கு 290 மி.லி. என்று டேங்கின் அடியில் போட்டிருக்கிறது. ரீல் மூழ்க அது மட்டுமட்டாகப் போதும். ஆனால் ஒற்றை ரீலைப் போட்டுக் கவிழ்த்து நிமிர்த்தினால், அது நடுக்குழாயில் வழுக்கி மேலேறி அங்கேயே நின்றுவிடலாம். மேல் ஓரம் டெவலப்பருக்கு (படத்தை வெளிக்கொணரும் கரைசல்) வெளியே கிடக்கும். முதல் ஃபிரேம் முதல் கடைசி வரை ஒரு பக்க ஓரம் மட்டும் வெளிறியிருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மேலே காலி ரீல் ஒன்றைச் செருகி 600 மி.லி. ஊற்றுங்கள். காலி ரீல் இல்லையா? 600 ஊற்றினாலே போதும், ஏறினாலும் மூழ்கியிருக்கும். டி-76 டெவலப்பரை 1+1 (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்) கலப்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம். 290-இல் கலக்காத டெவலப்பர் 145 மி.லி.தான், 36 பட ரோலுக்கு அது பற்றாமல் நேரத்தைச் சுமார் 10 சதவீதம் கூட்ட வேண்டிவரும். (அகலமான 120 பிலிமுக்கு இந்தத் தொல்லை இல்லை. விரித்த ரீல் டேங்கை ஏறக்குறைய அடைத்துக்கொள்ளும்.)

கூடவே தரும் சுழற்றுக் குச்சி எங்களுக்குப் பிடிக்கவில்லை. ரீல் ஒரே மட்டத்தில் சுற்றுவதால் கரைசல் மேலும் கீழும் சரியாகக் கலப்பதில்லை. புனலுக்கு மேல் போடும் வெளிமூடியின் நடுவை அழுத்திக் காற்றை வெளியேற்றிப் பொருத்திவிட்டு, கவிழ்த்தே கலக்குங்கள். பிலிம் நிறுவனமான இல்ஃபோர்டின் கணக்கு: முதல் 10 வினாடியில் நான்கு முறை, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 வினாடியில் நான்கு முறை. ஒவ்வொரு தடவையும் டேங்கை மேசையில் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் குமிழி ஒட்டிய இடம் நெகட்டிவில் வெளிர்ப்புள்ளி, பிரிண்டில் கரும்புள்ளி. மோர் கடைவதுபோல் குலுக்கினாலோ, பிலிம் ஓரத்து ஸ்ப்ராக்கெட் துளைகளிலிருந்து படத்தின் வானத்துக்குள் அடர்ந்த கோடுகள் இறங்கும்.

டெவலப்பரில் இருக்கும் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் நெகட்டிவ் சீராக வராது, எந்த டேங்கும் காப்பாற்றாது. எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில், தண்ணீர் கலக்காமல் கழுவ 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 30 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் கணக்கு எங்கோ போய்விடும். 1+1 என்றால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24-இல் சுமார் 9. பாட்டிலை ஐஸ் தண்ணீரில் வைத்து 24-க்குக் கொண்டுவந்தாலே சமாளிக்கலாம்.

ரீல் நன்றாகச் செய்யப்பட்டது, ஆனால் ஈரத்தைக் கொஞ்சமும் பொறுக்காது. ஈரமிருந்தால் பிலிம் பாதியில் சிக்கும், சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பால்நிறத் திட்டாக நிற்கும். மறுபடி ஃபிக்ஸரில் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போட்டால் திட்டு கரையும், படம் திரும்ப வராது. கடைசி அலசலில் வெட்டிங் ஏஜெண்ட் (நீர்க்கறை படியாமலிருக்கச் சேர்க்கும் திரவம்) சேர்ப்பவர்கள் பிலிமை ரீலிலிருந்து எடுத்த பிறகு சேர்க்கட்டும். அதன் பிசுக்கு படிந்த ரீல் காய்ந்திருந்தாலும் சிக்கும்.