எச்டி 600-ஆ, டிடி 770-ஆ?

வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க இந்த இரண்டு ஹெட்போன்களில் ஒன்று என்றால் என் ஓட்டு சென்ஹைசர் எச்டி 600-க்குத்தான். 1997-இல் வந்தது, பின்பக்கம் வெறும் வலைதான், உள்ளே ஒலி அடைபடாததால் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியும் வலப்பக்க வலந்தலையும் தனித்தனியாக நிற்கும், பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். ஆனால் மின்தடை அதிகம், 300 ஓம், போனை நம்பாதீர்கள், சிக்னலைப் பெருக்கித் தர நல்ல ஆம்ப் வேண்டும். அப்புறம், மேலே சுற்றும் காற்றாடிச் சத்தமும் உள்ளே வரும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரோட்டோர அடுக்குமாடி, ராத்திரியிலும் மோட்டார் சைக்கிள் இரைச்சல் என்றால் மூடிய வகையான பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ சரி. 80 ஓம் மாடலுக்கு ஆம்ப் கெடுபிடி குறைவு, பக்கத்தில் தூங்குபவருக்கும் தொல்லையில்லை. பேஸ், அதாவது தாழ் ஒலி, தூக்கலாக இருக்கும், உச்ச ஒலி கொஞ்சம் கூர்மை. கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் காது வேர்க்கும், ஏர்கோன் போட்டுக்கொள்ளுங்கள்.