ஒரே சண்டை, நான்கு விதம்: கடினமான போரை எப்படி அமைப்பது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை ஆடும் மேசை விளையாட்டை நடத்துகிற எவருக்கும் ஏதாவது ஒரு வாரம் இந்தத் தேவை வரும். பிளேயர்கள் நான்கு பேர், எல்லாரும் 5-ஆம் லெவல், கதை ஒரு உச்சத்துக்கு வந்துவிட்டது, இந்தச் சண்டை மட்டும் சாதாரணமாக முடியக்கூடாது. கையில் நான்கு வழிகள் இருக்கின்றன: ஒரே ஒரு பெரிய மிருகம், ஒரு பெருங்கூட்டம், அலை அலையாக வரும் எதிரிகள், இல்லையென்றால் எதிரியைக் கொல்வதைத் தவிர வேறொரு வேலையைக் கொடுத்து அதற்கு நடுவில் சண்டையை வைப்பது. எது நல்லது என்று பொதுவாகப் பேசிக்கொண்டே போகலாம், ஆனால் ஒரே இடம், ஒரே குழு, ஒரே பட்ஜெட் என்று வைத்து நான்கையும் ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இடம்: ஒரு பழைய பால்மரத் தோட்டம், இரவு, கொட்டும் மழை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் ஒரு வரிசை, பின்னால் பொங்கி ஓடும் ஆறு, அதன்மேல் கயிறு கட்டிய பலகைப் பாலம், அக்கரையில் முனீஸ்வரன் கோயில். நாங்கள் உட்கார்ந்து ஆடுவது கோலாலம்பூர் செந்தூலில், மேசையில் இருக்கும் பாதிப் பேருடைய தாத்தா பாட்டி தோட்டத்தில் இருந்தவர்கள், அதனால் லயம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் வரைந்து காட்ட வேண்டியதில்லை. இது ஒரு பெரிய வசதி. தெரிந்த இடத்தில் நடக்கிற சண்டையில் பிளேயர்கள் தாங்களாகவே "கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள்.

பட்ஜெட், அதாவது எதிரிகளை வாங்கச் செலவழிக்கும் அனுபவப் புள்ளி: விதிநூலின் 2014 பதிப்பில் 5-ஆம் லெவலுக்கு 'டெட்லி' (மிகக் கடினம்) எல்லை தலைக்கு 1,100 புள்ளி. 2024 பதிப்பில் பெயர் 'ஹை' என்று மாறியது, ஆனால் எண் அதே 1,100. நான்கு பேருக்கு 4,400. எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டு பதிப்பும் கணக்குப் போடும் விதம் வேறு, அது கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது பெரிதாக வெடிக்கும்.

முதலில் பெரிய மிருகம். 3,900 புள்ளிக்கு ஒரு இளம் பச்சை டிராகன் கிடைக்கிறது. 2014 கணக்கில் அதற்குக் கவச எண் (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 18, உயிர்ப்புள்ளி (தாங்கக்கூடிய அடி) 136. நடத்துவது சுலபம், ஒரே ஒரு தாளைப் பார்த்தால் போதும், அது வந்து இறங்கும்போது மேசையில் ஒரு அமைதி விழும், அதற்கு ஈடே இல்லை. சிக்கல் என்னவென்றால் ஒரு சுற்றில் அதற்கு ஒரு முறைதான், நம் ஆட்களுக்கு நான்கு முறை. 5-ஆம் லெவலில் ஓரளவு நன்றாக ஆடும் நான்கு பேர் சேர்ந்து சுற்றுக்கு 40, 45 புள்ளி அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் டிராகன் மூன்று, நான்கு சுற்றில் முடிந்துவிடும். அதே நேரத்தில் அதன் விஷமூச்சு 12 அறுமுகப் பகடை, சராசரி 42. உடல்வலு 14 உள்ள ஒரு மந்திரவாதிக்கு இந்த லெவலில் உயிர்ப்புள்ளியே 32தான். முதல் சுற்றில் டிராகன் முந்திக்கொண்டு, அவர் சேவிங் த்ரோ என்ற தப்பிக்கும் பகடையில் தவறினால், ஒரு முறைகூட ஆடாமல் கீழே விழுந்துவிடுவார். வேலை முடிந்து ஜாமில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்தவரை எட்டரை மணிக்கே படுக்க வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஆக, ஒற்றை மிருகம் கடினமாக இருக்கிறது என்பதைவிட ஊசலாடுகிறது என்பதே சரி. மூச்சு மூன்று பேர்மேல் பட்டால் ஆட்டம் கவிழும். படாவிட்டால் சீக்கிரம் முடியும். எதிரியை மெதுவாக்கும் ஸ்லோ போன்ற ஒரே மந்திரம் பிடித்துக்கொண்டால், சுற்றுக்கு மூன்று முறை தாக்கும் டிராகன் ஒரு முறைதான் தாக்கும், பாதி பலம் அங்கேயே போய்விடும். வளர்ந்த டிராகன்களுக்கு லெஜண்டரி ஆக்‌ஷன், லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் என்று கூடுதல் செயல்களும், சேவிங் த்ரோ தவறினாலும் தப்பும் சலுகையும் கொடுத்தது இதைச் சமாளிக்கத்தான், ஆனால் 2014 இளம் டிராகனுக்கு இரண்டுமே கிடையாது. நான் இரண்டு விஷயம் சேர்ப்பேன். ஒன்று, ஒரு சுற்றில் இரண்டு முறை, யாராவது ஒரு பிளேயரின் முறை முடிந்ததும் டிராகன் பாதித் தூரம் நகரலாம், இல்லை வாலால் ஒரு அடி அடிக்கலாம். இன்னொன்று, உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே போனதும் மூச்சு உடனே திரும்பி வரும். இது 2008-இல் வந்த நான்காம் பதிப்பின் டிராகன்களிடம் இருந்த பழக்கம், அந்தப் பதிப்பைப் பலர் ஒதுக்கினார்கள், ஆனால் சண்டை அமைப்பில் அது சொல்லித் தந்தது நிறைய.

ஒற்றை எதிரிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குப் இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு உண்மையிலேயே பொருத்தமானது. 2019-இல் வந்தது. அங்கே இலக்கு எண்ணை 10 தாண்டினால் கிரிட்டிக்கல், அதாவது இரட்டை அடி, அதனால் குழுவைவிட மூன்று லெவல் கூடிய ஒரே எதிரி அடிக்கடி கிரிட்டிக்கலாக அடிக்கும், நம் ஆட்களின் அடி அடிக்கடி தவறும், கணக்கே அதைக் கடினமாக்கிவிடும். அந்த விளையாட்டின் கணக்கில் நான்கு பேருக்கு அப்படி ஒரு எதிரி 120 புள்ளி, அதாவது 'சிவியர்'. நான்கு லெவல் கூடினால் 160, 'எக்ஸ்ட்ரீம்'. எதிரியை ஒரே வீச்சில் முடக்கும் மந்திரங்களுக்கும் அங்கே தனிக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் விதி அதிகம், புதியவர்கள் இருக்கும் மேசையில் அந்தப் பாரத்தை ஏற்ற எனக்கு மனம் வராது.

அடுத்தது கூட்டம். கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்று 50 புள்ளி. 2014 விதியில் எதிரிகள் 15 பேரோ அதற்கு மேலோ இருந்தால் மொத்தத்தை நான்கால் பெருக்க வேண்டும், அதனால் 22 கோப்ளின் வைத்தாலே 1,100 பெருக்கல் 4, சரியாக 4,400 ஆகிவிடும். 2024 பதிப்பு அந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டது. அதே 4,400-க்கு அங்கே 88 கோப்ளின்! யாரும் அப்படி வைக்கப் போவதில்லை, ஆனால் பட்ஜெட் எண்ணை மட்டும் நம்பி எறும்புப் படை மாதிரி சின்ன எதிரிகளைக் குவிப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

22 கோப்ளின் என்பதே கொடூரம்தான். கவச எண் 16 உள்ள ஆளை அடிக்க கோப்ளினுக்கு இருபது முகப் பகடையில் 12-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும். 2014 நூலில் கூட்டத்துக்கென்று ஒரு குறுக்கு வழி உண்டு: 12 வேண்டியிருந்தால் இரண்டு பேருக்கு ஒரு அடி என்று எடுத்துக்கொள், பகடையே உருட்டாதே. 22 பேரும் தாக்கக்கூடிய தூரத்தில் இருந்தால் சுற்றுக்கு 11 அடி, அடிக்கு 5, மொத்தம் 55. முன்வரிசைப் போர்வீரருக்கு இருப்பதே 44 சொச்சம். அதைவிட மோசம் கீழே விழுந்தவர்களின் நிலை: மயங்கிக் கிடப்பவரைப் பக்கத்தில் நின்று அடித்தால் அது தானாகவே கிரிட்டிக்கல், ஒரு அடிக்கு இரண்டு மரணத் தவறு, மூன்று சேர்ந்தால் சாவு. இரண்டு கோப்ளின் போதும், ஆள் காலி.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் ஒன்று சராசரி 28 அடிக்கும், சேவிங் த்ரோவில் தப்பினாலும் பாதி, 14. கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி 7. பரந்து நிற்காத கூட்டம் ஒரே நெருப்பில் சாம்பல். அப்புறம் கூட்டத்தை நடத்துவது உண்மையிலேயே களைப்பான வேலை, குறுக்கு வழியைப் பயன்படுத்தினாலும் 22 பொம்மைகளை நகர்த்தும் நேரத்தில் பிளேயர்கள் போனை எடுத்துவிடுவார்கள். கூட்டத்தைப் புத்தியோடு நடத்தினால் கதை வேறு. 1987-இல் 'டிராகன்' என்ற விளையாட்டு இதழில் ரோஜர் மூர் எழுதிய தலையங்கத்தில் வரும் கோபோல்டு என்ற சின்ன எதிரிகள் இன்றுவரை பேசப்படுவது அவை பலசாலி என்பதற்காக இல்லை, சந்து பொந்துகளில் மறைந்து, வழியை அடைத்து, தீ வைத்து, உயர்லெவல் ஆட்களை ஓட ஓட விரட்டியதற்காக. நம் தோட்டத்தில் கோப்ளின்கள் மர வரிசைகளுக்கு நடுவில் அடித்துவிட்டு ஒளிந்துகொண்டே இருந்தால் பத்துப் பேரே போதும்.

இனி நான் மனதார விரும்புவது: அலைகள். முதல் அலையில் 6 கோப்ளின், இரண்டாவதில் ஓகர் என்ற முரட்டு அரக்கர் 2 பேர், மூன்றாவதில் ட்ரால் என்ற, காயம் தானாக ஆறும் அரக்கன் ஒன்று. வெறும் புள்ளியைக் கூட்டினால் 300, 900, 1,800, ஆக 3,000. 2024 கணக்கில் இது 'மாடரேட்' எல்லையை அச்சாகத் தொடுகிறது, அதற்கு மேல் இல்லை. 2014 கணக்கில் ஒவ்வொரு அலையையும் அதன் எண்ணிக்கைக்கு ஏற்பத் தனித்தனியாகப் பெருக்கினால் 600, 1,350, 1,800, ஆக 3,750, அதுவும் 4,400-க்குக் கீழேதான். தாளில் இது நான்கில் மென்மையானது. மேசையில் அப்படி இருக்காது, ஏனென்றால் நடுவில் ஓய்வு கிடையாது.

5-ஆம் லெவல் மந்திரவாதிக்கு ஓய்வெடுக்காமல் போடக்கூடிய மூன்றாம் நிலை மந்திரம் இரண்டுதான். டிராகன் வந்தால் அந்த இரண்டையும் எங்கே செலவழிப்பது என்று யோசிக்கவே வேண்டாம். 22 கோப்ளின் வந்தாலும் வேண்டாம். ஆனால் ஆறே ஆறு கோப்ளின் வந்து நிற்கும்போது, தூரத்தில் மரங்கள் முறியும் சத்தம் கேட்கும்போது, ஒரு ஃபயர்பாலை இங்கேயே போடுவதா வைத்துக்கொள்வதா என்பது நிஜமான கேள்வி. கடைசியில் வரும் ட்ராலோ ஒவ்வொரு சுற்றும் 10 புள்ளி மீண்டுகொள்ளும், நெருப்போ அமிலமோ பட்டால்தான் அது நிற்கும். கொட்டும் மழை திறந்த தீயை அணைத்துவிடும் என்பது 2014 விதியிலேயே இருக்கிறது, அதனால் தீப்பந்தத்தை நம்பி வந்தவர்கள் நனைந்த கட்டையோடுதான் நிற்பார்கள். மந்திர நெருப்பு மட்டும் மிச்சம். கோலாலம்பூரில் சாயங்கால மழையில் வளர்ந்தவர்களுக்கு இதை நம்ப வைக்க ஒரு வரி வர்ணனைகூடத் தேவையில்லை. என்னைப் பொறுத்தவரை சண்டை கடினம் என்பது இதுதான்: பெரிய எண் இல்லை, எதைச் செய்தாலும் ஒன்றை இழக்க வேண்டிய தேர்வு.

அலையை எப்போது விடுவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. குழுவின் நிலையைப் பார்த்து, திணறினால் தள்ளிப்போடு, சுலபமாகப் போனால் முன்னால் விடு என்பது ஒன்று. சுற்று எண்ணை முன்பே குறித்துவைத்து அதன்படி விடு என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி, ஆனால் ஒரு சுற்று முன்னால் எச்சரிக்கை கொடுத்துவிடுவேன்: மூன்றாம் சுற்றில் மரம் முறியும் சத்தம், நான்காம் சுற்றில் ஓகர். ரகசியமாக நேரத்தைத் தள்ளிப்போடுவதும், ரகசியமாக உயிர்ப்புள்ளியைக் கூட்டிக் குறைப்பதும் ஒன்றுதான், பிளேயர்கள் எடுத்த முடிவுக்கு அங்கே மதிப்பே இல்லாமல் போய்விடும். பகடையையும் எல்லாரும் பார்க்கத்தான் உருட்டுகிறேன்.

நான்காவது வழிக்கு வருவோம். லயத்தில் பன்னிரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், பாலத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு பேர்தான் போக முடியும். ஆக ஆறு சுற்று தாக்குப்பிடித்தால் போதும், யாரையும் கொல்ல வேண்டியதில்லை. கோப்ளின்கள் நம் ஆட்களைக் குறிவைக்காமல் பாலத்துக் கயிற்றைக் குறிவைக்கும். விதிப்படி கயிற்றுக்குக் கவச எண் 11, இரண்டு கயிற்றுக்கும் தலா 10 உயிர்ப்புள்ளி என்று நானே வைத்துக்கொள்வேன். இப்போது பாதி எதிரிகளே போதும், மேசையில் பேச்சு தானாகச் சூடுபிடிக்கும்:

"டேய், கயித்துகிட்ட ஒருத்தன் போறான், நீ போ!"

"நான் போனா இந்தப் பாட்டிய யாருடா தூக்குறது?"

"அண்ணே, ஓகர நீங்க ரெண்டு சுத்து மட்டும் புடிச்சு நில்லுங்க, போதும்."

ஒற்றை டிராகன் சண்டையில் இந்த மாதிரிப் பேச்சு அபூர்வம். அங்கே பெரும்பாலும் "நான் அடிக்கிறேன், 17, படுமா?" என்பதோடு முடிந்துவிடும்.

இதற்கும் விலை உண்டு. தயாரிப்பு அதிகம். பன்னிரண்டு பேரையும் தனித்தனியாக நகர்த்தினால் சண்டை செத்துவிடும், எல்லாரையும் ஒரே முறையில் சேர்த்து நகர்த்த வேண்டும். சண்டைக்கு முந்தைய காட்சியில் மூன்று பேருக்காவது பெயரும் குரலும் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பன்னிரண்டு பேர் வெறும் எண்ணாகிவிடுவார்கள். சில பிளேயர்கள் அடிக்கத்தான் வருகிறார்கள், காவல் வேலை அவர்களுக்குப் பிடிக்காது, அதிலும் நியாயம் இருக்கிறது, அவர்களுக்காகத்தான் அந்த ஓகர்.

எதை எங்கே எடுப்பது? நேரம் ஒரு மணிதான் என்றால் ஒற்றை மிருகம், நான் சொன்ன இரண்டு சேர்க்கையோடு. மூன்று பேரே வந்த இரவிலும் அதுதான், ஆனால் டிராகனை விட்டுவிட்டு ட்ரால் ஒன்றை வைத்தாலே போதும். கூட்டத்தைத் தனியாக நான் பரிந்துரைக்க மாட்டேன், அது அலைக்குள் ஒரு பகுதியாக இருந்தால் அழகு. வாரநாளில் எட்டு மணிக்கு ஆரம்பித்து, கடைசி எல்.ஆர்.டி.யைப் பிடிக்கப் பதினொன்றரைக்குள் எழுந்தாக வேண்டிய மேசைக்கு அலையும் பாலமும் சேர்ந்ததுதான் என் தேர்வு. ஆறாவது சுற்று எப்போது என்று எல்லாருக்கும் தெரியும், சண்டை இழுத்துக்கொண்டே போகாது, தோற்றால்கூட "ஏழு பேரைக் காப்பாற்றினோம், ஐந்து பேரை விட்டுவிட்டோம்" என்று ஒரு விளைவு இருக்கும், அடுத்த வாரக் கதை அதிலிருந்தே கிளம்பும். மற்ற மூன்று வழியிலும் தோல்வி என்றால் பெரும்பாலும் எல்லாரும் சாவதுதான்.

ஆறு பேர் வந்துவிட்டால் பட்ஜெட் 6,600 ஆகிறதே என்று இன்னொரு ட்ராலைச் சேர்க்காதீர்கள், ஓகரை மூன்றாக்குங்கள், மாட்டிக்கொண்டவர்களைப் பதினாறு ஆக்குங்கள், எட்டுச் சுற்று வரும். முதல் முறையாக நடத்துகிறவர்கள் புத்தகம் வாங்கக் காத்திருக்க வேண்டாம், கோப்ளின், ஓகர், ட்ரால் மூன்றின் கணக்கும் 2023-இல் பொது உரிமத்தில் இலவசமாக விடப்பட்ட 5.1 விதித்தொகுப்பிலேயே இருக்கிறது. ட்ரால் பக்கத்தை மட்டும் தாளில் அச்சடித்து, அந்த 10 புள்ளி மீட்பைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள், சூட்டில் அதுதான் முதலில் மறந்துபோகும்.