எந்த மிஸ் மார்ப்பிளைப் பார்ப்பது?

கொலை நடக்க வேண்டும், ஆனால் ரத்தம் தெறிக்கக் கூடாது. பிணம் நூலக அறையில் கிடக்கலாம், ஆனால் கம்பளம் கறைபடக் கூடாது. போலீஸ் வந்து உட்காருவதற்குள் பணிப்பெண் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். இந்த வகைக் கதைகளை ஆங்கிலேயர் 'கோஸி' என்கிறார்கள். போர்வைக்குள் சுருண்டுகொண்டு பார்க்கத் தோதான கொலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் பல வருடத்துப் பித்து. எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம், அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிளைச் சொல்வேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: எந்த மிஸ் மார்ப்பிள்?

நியாயமான கேள்விதான். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அவராக நடித்தவர்கள், பிபிசிக்கு ஒருவர்: ஜோன் ஹிக்சன், 1984 முதல் 1992 வரை. போட்டிச் சேனலான ஐடிவிக்கு இருவர்: முதலில் ஜெரால்டின் மெக்யூவன், அவருக்குப் பிறகு ஜூலியா மெக்கன்சி, 2004 முதல் 2013 வரை. அகதா கிறிஸ்டி மார்ப்பிளை வைத்து எழுதியவை 12 நாவல்களும் 20 சிறுகதைகளும். ஹிக்சன் பன்னிரண்டு நாவல்களிலும் நடித்து முடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஐடிவியோ 23 படங்கள் எடுத்தது. கணக்கு இடிக்கிறதே என்றால், சில சிறுகதைகளை நீட்டினார்கள். மற்றபடி, மார்ப்பிள் எட்டிக்கூடப் பார்க்காத கிறிஸ்டி நாவல்களுக்குள் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். 'டுவர்ட்ஸ் ஜீரோ', 'எண்ட்லெஸ் நைட்' எல்லாம் அப்படி வந்தவை. அழைக்காத கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவரைப் போல அவர் அங்கே சற்று நெளிகிறார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹிக்சன். ஒரே ஒரு கதையில் கட்சி மாறுவேன்.

இரண்டு தரப்பையும் உரசிப் பார்க்க நல்ல கல் 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு'. பிபிசி 1985-இல் எடுத்தது, ஐடிவி 2005-இல். கொலையாளி யாரென்று சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். சிப்பிங் கிளெக்கார்ன் என்னும் கிராமம். உள்ளூர்ப் பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதியில் ஓர் அறிவிப்பு: அக்டோபர் 29 வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு லிட்டில் பேடக்ஸ் வீட்டில் ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் இதையே அழைப்பாகக் கொள்ளவும். ஏதோ விருந்து விளையாட்டு என்று நினைத்து ஊரே ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து சேர்கிறது. மணி அடிக்கிறது. விளக்கு அணைகிறது. கதவு திறக்கிறது, டார்ச் வெளிச்சம், துப்பாக்கிச் சத்தம்.

இந்தக் கதையின் உயிர் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. நாவல் வெளிவந்தது 1950-இல். போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியும் பிரிட்டனில் ரேஷன் ஓயவில்லை; இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலையில்தான் முடிந்தது. வெண்ணெயும் முட்டையும் கிராமத்துக்குள் கைமாறுகின்றன, எல்லாம் சட்டத்துக்குப் புறம்பாக. அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று. முன்பெல்லாம் ஊரில் யார் யாரென்று எல்லோருக்கும் தெரியும். தாத்தா காலத்திலிருந்து தெரியும். இப்போது எங்கிருந்தோ வருகிறார்கள், வீட்டை வாங்குகிறார்கள், தங்களைப் பற்றி அவர்கள் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. கையில் ஒரு ரேஷன் புத்தகம், ஓர் அடையாள அட்டை. அது அவருடையதுதானா? மார்ப்பிள் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். குற்றத்தின் வேரே அதில் இருக்கிறது.

பிபிசி இந்தக் கதைக்கு மூன்று பாகம் கொடுத்தது, மொத்தம் இரண்டரை மணி நேரம். உரிமக் கட்டணத்தில் ஓடும் நிறுவனம், இடையில் விளம்பரம் கிடையாது. ஐடிவி விளம்பர வருமானத்தில் ஓடுவது. இரண்டு மணி நேர ஒதுக்கீட்டில் விளம்பரம் போக எஞ்சுவது ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்பும் ஒரு திடுக் வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் எழுந்துபோய் வேறு சேனலைத் திருப்பிவிடுவார். அந்த அவசரத்தில் முதலில் அடிபடுவது அரட்டை. நாவலில் விருந்துக்கு வருபவர்கள் ஒருவர் பின் ஒருவராக, வீட்டில் வெப்பக்குழாய் போட்டுவிட்டீர்களே என்கிறார்கள். குளிர்காலத் தொடக்கத்து உபசாரப் பேச்சு என்று கடந்துபோவோம். குழாய்ச் சூடு இருப்பதால் கணப்பில் நெருப்பு எரியவில்லை என்பதும், நெருப்பில்லாத அறை விளக்கு அணைந்தால் கும்மிருட்டாகிவிடும் என்பதும் பிறகுதான் உறைக்கும். கிறிஸ்டி துப்புகளை ஒளித்துவைப்பது இப்படிச் சலிப்பூட்டும் பேச்சில்தான். சலிக்க நேரம் கொடுக்காத படம் எப்படி அதை ஒளிக்கும்?

இன்னொரு துப்பு என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. மிஸ் மர்காட்ராய்ட் என்ற அப்பாவிப் பெண்மணி, அன்றைய இருட்டில் டார்ச் வெளிச்சம் யார் யார் மேல் விழுந்தது என்று நினைவைத் துழாவுகிறார். திடீரென்று பொறி தட்டுகிறது. காரில் கிளம்பும் தோழியைப் பார்த்துக் கத்துகிறார்: அவள் அங்கே இல்லை! ஆங்கிலத்தில் எந்தச் சொல்லில் குரல் அழுந்துகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். தமிழில் இந்தத் தந்திரம் பலிக்காது என்று நினைக்கிறேன். நாம் 'அவள்தான் அங்கே இல்லை' என்போம், அல்லது 'அவள் அங்கே இல்லவே இல்லை' என்போம். ஒரு 'தான்' போதும், குட்டு உடைந்துவிடும். தமிழில் மர்மக்கதை எழுதுபவர்கள் பாவம்.

மர்காட்ராய்டாக 1985-இல் நடித்தவர் ஜோன் சிம்ஸ், 'கேரி ஆன்' நகைச்சுவைப் படங்களில் பேர்போனவர். அவரைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்போம். அதனால்தான் அவருக்கு நேர்வது நெஞ்சில் இறங்குகிறது. அவரும் மிஸ் ஹின்ச்கிளிஃபும் ஒரே வீட்டில் வாழ்பவர்கள். பிபிசி அதைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. ஹின்ச்கிளிஃபின் துக்கம் பேசிவிடுகிறது. 2005 படம் இருவரையும் காதலர்களாகவே காட்டுகிறது. அதில் எனக்குக் குறை இல்லை, நாவலைக் கவனித்துப் படித்தவர்களுக்கு அது புதிய செய்தியும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட்ட துக்கம்தான் கனமாக இருக்கிறது.

இனி மார்ப்பிள்களுக்கு வருவோம். தொடர் தொடங்கும்போது ஹிக்சனுக்கு 78 வயது, முடியும்போது 86. முதுமையை நடிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. மூலையில் ஒரு நாற்காலி, மடியில் கம்பளிப் பின்னல், மங்கலான நிறத்தில் உடை. எதிரே இருப்பவர் தன் நல்ல குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போவார். ஊசிகள் நிற்காது. தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாயும். அந்த வெளிர்நீலக் கண்கள் மெல்ல உயர்ந்து பேசுபவர் முகத்தில் நிற்கும்போது, அதில் கனிவு இருக்கும், ஆனால் கருணை இருக்காது. கிழவியை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதுதான் மார்ப்பிளின் ஒரே ஆயுதம். ஹிக்சன் அறைக்குள் வந்ததே தெரியாமல் இருப்பார். மெக்யூவன் வந்தாலோ அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கண்ணில் குறும்பு, இதழில் சிரிப்பு, நமக்கு ஒரு கண்சிமிட்டல். இப்படி ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்தக் கொலைகாரன் வாயைத் திறப்பான்?

ஹிக்சனுக்குப் பின்னால் ஒரு சுவையான கதையும் உண்டு. 1940-களில் அவரை மேடையில் பார்த்த கிறிஸ்டியே, என்றாவது ஒருநாள் நீங்கள் என் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். 1961-இல் மார்ப்பிள் படம் ஒன்றில் ஹிக்சன் நடிக்கத்தான் செய்தார், ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்ணாக. மார்ப்பிளாக நடித்தவர் மார்கரெட் ரதர்ஃபோர்ட். அந்தப் படங்கள் கிறிஸ்டிக்குப் பிடிக்கவில்லை. ரதர்ஃபோர்டைப் பிடித்திருந்தது, ஒரு நாவலையே அவருக்குக் காணிக்கையாக்கினார். ஹிக்சனுக்கு முறை வந்தபோது கிறிஸ்டி இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

மெக்யூவன் படங்களை மொத்தமாக ஒதுக்கவும் மனம் வரவில்லை. உடைகளும் கார்களும் தொப்பிகளும் கண்ணுக்கு விருந்து. 'தி பாடி இன் தி லைப்ரரி'யில் ஜோவன்னா லம்லி தோழி டாலி பேன்ட்ரியாக வந்து அடிக்கும் லூட்டிக்காகவே பார்க்கலாம். ஆனால் அதே படத்தில் கொலையாளியையே மாற்றிவிட்டார்கள். புத்தகம் படித்தவர்களுக்கும் ஓர் அதிர்ச்சி இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் போலும். போதாக்குறைக்கு மார்ப்பிளுக்கு ஒரு முன்கதை: மணமான ராணுவ அதிகாரியோடு காதல், அவர் முதல் உலகப் போரில் மாண்டுபோகிறார். ஏன் இது? கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணுக்கு மனிதர்களைப் புரிந்துகொள்ளும் கூர்மை இருந்தால், அதற்குக் காதல் தோல்வி என்று ஒரு ரசீது காட்டியாக வேண்டுமா? கிராமத்து மனிதர்களைப் பல பத்தாண்டுகள் உற்றுப் பார்த்ததால் வந்த அறிவு அது. கிறிஸ்டிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிபிசியிலும் ஓட்டைகள் உண்டு. 'நெமிசிஸ்' நாவல் 'எ கரீபியன் மிஸ்டரி'யின் தொடர்ச்சி. பிபிசியோ பின்கதையை 1987-இலும் முன்கதையை 1989-இலும் எடுத்தது, ரேஃபியல் என்ற அதே பாத்திரத்துக்கு இரண்டு வேறு நடிகர்கள். சில படங்களில் நடை தள்ளாடுகிறது. 'அட் பெர்ட்ராம்ஸ் ஹோட்டல்' பார்க்கையில் எனக்குக் கண் சொருகிவிட்டது, இரண்டு முறை. ஆகவே அதில் தொடங்காதீர்கள். 1984-இல் வந்த 'தி பாடி இன் தி லைப்ரரி'யில் தொடங்குங்கள். டேவிட் ஹோரோவிட்ச் நடித்த இன்ஸ்பெக்டர் ஸ்லாக் இந்தக் கிழவியைத் தொல்லையாக நினைக்க ஆரம்பிப்பது அங்கேதான். அவர் முகம் படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தனிச் சுகம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, நான்கு பிணமும் அழகான கிராமமும் போதும் என்பவர்களுக்கு 1997-இலிருந்து ஓடும் 'மிட்சம்மர் மர்டர்ஸ்' இருக்கிறது. 2013-இல் ஒரு கதையில் சக்கரம் போன்ற பெரிய பாலாடைக்கட்டி விழுந்து ஒருவர் சாகிறார். அதை ரசிக்கவும் ஒரு மனநிலை வேண்டும். எனக்கு ஞாயிறு மதியங்களில் அது வாய்க்கிறது.

கட்சி மாறும் கதை 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை'. 1985 வடிவத்தில் இன்ஸ்பெக்டர் நீலாக டாம் வில்கின்சன், நல்ல தேர்வு. ஆனால் முடிவில் நாவலில் இல்லாத ஒரு கார் விபத்தை வைத்துக் குற்றவாளியின் கணக்கை முடித்துவிட்டார்கள். ஹிக்சனின் அமைதிக்கும் அந்தச் சக்கர ஓசைக்கும் ஒட்டவே இல்லை. 2009-இல் ஜூலியா மெக்கன்சி முதல் முறையாக மார்ப்பிளாக வந்தது இதே கதையில்தான். கண்சிமிட்டல் இல்லை, முன்கதைக் காதல் இல்லை. பக்கத்துத் தெரு ஆசிரியையைப் போன்ற ஒரு முகம்.

இந்தக் கதையில் மார்ப்பிளை யாரும் அழைப்பதில்லை, அவராகவே கிளம்பி வருகிறார். கொல்லப்பட்டவர்களில் ஒருத்தி கிளாடிஸ் என்ற பணிப்பெண். அனாதை விடுதியில் வளர்ந்தவள், பரிமாறவும் வெள்ளிப் பாத்திரம் துலக்கவும் மார்ப்பிள்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். துணி காயப்போடும் இடத்தில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். மூக்கில் ஒரு துணிக் கிளிப். குழந்தைப் பாட்டு ஒன்றில் துணி உலர்த்தும் பணிப்பெண்ணின் மூக்கைப் பறவை கொத்திக்கொண்டு போகும், அந்த வரிக்குப் பொருத்தமாகச் செருகியிருக்கிறார்கள். பணக்காரர் செத்ததைப் பற்றி வீடே பேசுகிறது. மார்ப்பிள் கேட்பது அந்தக் கிளிப்பைப் பற்றி. கொன்றதோடு விடாமல் கேலியும் செய்தது யார்?

எல்லாம் முடிந்து வீடு திரும்பியவருக்கு ஒரு கடிதம் காத்திருக்கிறது. கிளாடிஸ் உயிரோடு இருந்தபோது எழுதியது, ஊரில் இல்லாததால் கைக்கு வரவில்லை. உள்ளே ஒரு புகைப்படமும் இருக்கிறது. மெக்கன்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்கிறார், பாதியிலேயே கண் நிறைந்துவிடுகிறது. ஹிக்சன் கட்சிக்காரனான நானும் அந்த இடத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.