குதிரைக்கு இன்சூரன்ஸா, தனிச் சேமிப்பா: நாலு வருஷம் இரண்டையும் வைத்துப் பார்த்ததில்

என்னிடம் இரண்டு குதிரைகள். செவலை 9 வயதுப் பெண் குதிரை, அவளுக்கு நாலு வருஷமாக முழு இன்சூரன்ஸ் கட்டுகிறேன். தாத்தா (பெயரே அதுதான், யார் வைத்தார்கள் என்று தெரியாது, வரும்போதே தாத்தாவாகத்தான் வந்தான்) 21 வயதுக் காயடித்த ஆண் குதிரை, அவனுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கிடையாது, மாதாமாதம் ஒரு தனிக் கணக்கில் பணம் போட்டு வருகிறேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் விசாரித்த கம்பெனிகள் எதுவும் அந்த வயதுக் குதிரைக்கு நோய்ச் செலவை ஏற்கத் தயாராக இல்லை, விபத்துக்கு மட்டும் தருகிறோம் என்றார்கள், அப்புறம்தான் சேமிப்பு யோசனையே வந்தது.

செவலையின் பாலிசி இந்த மாதம் புதுப்பிக்க வந்திருக்கிறது. கட்டுவதா விடுவதா என்று மறுபடியும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதால் அப்படியே எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் குறை சொல்லும் வாசகங்கள் நான் வாங்கிப் படித்த மற்ற பாலிசிகளிலும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன.

முதலில் ஒன்று. "குதிரை இன்சூரன்ஸ்" என்று ஒரே பொருளாகச் சொல்கிறோமே தவிர, உள்ளே நாலு வெவ்வேறு சரக்கு இருக்கிறது. குதிரை செத்தால் அதன் விலையைத் தருவது ஒன்று. மருத்துவச் செலவு இன்னொன்று. உயிரோடு இருக்கிறது ஆனால் சவாரிக்கு உதவாது என்றால் தருவது மூன்றாவது. நம் குதிரை அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதம் நாலாவது. நான் முதல் வருஷம் இது எதுவும் புரியாமல், விற்பவர் சொன்ன மொத்தத் தொகுப்பையும் வாங்கினேன். வாங்கிய விலையைவிடக் கூடுதலாகவே செவலைக்கு மதிப்புப் போட்டேன், பெருமைதான் காரணம். பிறகுதான் பாலிசியின் பின்பக்கத்தில் பார்த்தேன், செத்தால் கிடைப்பது நாம் எழுதிய தொகை அல்லது அன்றைய சந்தை மதிப்பு, இதில் எது குறைவோ அது. அதாவது கூட்டி எழுதிய மதிப்புக்குப் பிரீமியம் மட்டும் கூடுதலாகக் கட்டியிருக்கிறேன், வேறு எந்தப் பலனும் இல்லை.

சரி, இன்சூரன்ஸ் உண்மையிலேயே தேவைப்பட்ட இரவுக்கு வருகிறேன். இரண்டாவது வருஷம், இரவு பதினோரு மணி இருக்கும், கடைசியாக ஒரு தடவை லாயத்தை எட்டிப் பார்க்கப் போனபோது செவலை முன்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள், தலையைத் திருப்பித் திருப்பித் தன் விலாவைப் பார்த்தாள், மேலுதட்டைச் சுருட்டினாள். தீவனம் அப்படியே இருந்தது. எல்லாம் வயிற்று வலியின் அறிகுறி. தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடி பார்த்தேன், பதினைந்து வினாடிக்கு 17, அப்படியென்றால் நிமிடத்துக்கு 68. சும்மா நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். டாக்டர் வந்ததும் மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே தேங்கினால் இரைப்பையே வெடித்துவிடும், அதனால் அதுதான் முதல் வேலை. அப்புறம் தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு பின்புறமாகக் கையை விட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: "ஆபரேஷன்னா பண்ணுவீங்களா, மாட்டீங்களா? இப்பவே சொல்லுங்க."

குதிரையின் பெருங்குடல் வயிற்றுக்குள் பெரும்பகுதி எங்கும் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது, அது முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்றெல்லாம் அந்த நேரத்தில் இழுக்க முடியாது. நான் உடனே "பண்ணலாம்" என்று சொன்னேன். இன்சூரன்ஸ் இருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் சொன்னேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாலு வருஷப் பிரீமியமும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்றாலும் எனக்குச் சம்மதமே.

ஆனால் அதற்கு அடுத்த அரை மணி நேரத்தைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் போன், பாலிசி எண் கேட்கிறார்கள், அது வீட்டில் ஒரு கோப்புக்குள் கிடக்கிறது. (இப்போது அந்த எண்ணை லாயத்துக் கதவின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன், கேலி செய்பவர்கள் செய்யட்டும்.) குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டிய நிலை வந்தால்கூட, உடனே செய்யாவிட்டால் சித்திரவதை என்கிற அளவுக்கு டாக்டர் எழுதித் தந்தால் ஒழிய, அவர்களைக் கேட்காமல் செய்தால் பணம் கிடைக்காமல் போகலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, பாதி ராத்திரியில் தெரிந்துகொள்ளக் கூடாது.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தால், மேசையில் முன்பணம் கேட்டார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறது என்றேன். "கட்டிட்டு நீங்க வாங்கிக்கோங்க" என்றார்கள். சில மருத்துவமனைகள் கம்பெனியிடமே நேரடியாக வசூலித்துக்கொள்ளும், இது அந்த வகை இல்லை. அந்த முன்பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தாத்தாவின் கணக்கிலிருந்து. இன்சூரன்ஸ் இல்லாத கிழட்டுக் குதிரையின் சேமிப்பில்தான் இன்சூரன்ஸ் இருக்கும் குதிரை ஆபரேஷன் மேசை ஏறினாள். கம்பெனி பணம் ஏழு வாரம் கழித்து வந்தது. நம் பங்காக முதலில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், அதையும் கழித்துக்கொண்டார்கள், மற்றபடி ஒழுங்காகவே வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். மொத்த பில் நான் கட்டும் பிரீமியக் கணக்கில் ஏழு வருஷத்துக்குச் சமம்.

செவலை பிழைத்தாள். ஒரு மாதம் கொட்டிலை விட்டு வெளியே விடவில்லை, கயிற்றைப் பிடித்து நடத்திப் புல் மேய விட்டதோடு சரி, அடுத்த மாதம் சின்ன அடைப்புக்குள், மூன்று மாதம் கழித்துத்தான் சேணமே போட்டேன்.

அந்த வருஷம் புதுப்பிக்கும் கடிதம் வந்தபோது பிரீமியம் ஏறியிருந்தது, கூடவே ஒரு வரி: வயிறு, குடல் சம்பந்தமான எதற்கும் இனிப் பணம் இல்லை. குடை வாங்கி ஒரு மழைக்குப் பிடித்ததும் கடைக்காரர் வந்து துணியைக் கழற்றிக்கொண்டு போனது போல இருந்தது. கோபத்தில் ரத்து செய்யப் போனேன். டாக்டர்தான் தடுத்து, ஒரு வருஷம் வயிற்று வலி இல்லாமல் ஓடட்டும், நான் கடிதம் தருகிறேன், மறுபரிசீலனை கேளுங்கள் என்றார். கேட்டேன், நீக்கினார்கள். கேட்காமல் இருந்திருந்தால் அவர்களாக நீக்கியிருக்க மாட்டார்கள், நானும் பயன்படாத பாலிசிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

மூன்றாவது வருஷம் இடது முன்காலில் தசைநாண் கிழிசல். ஸ்கேன், ஊசி, லாடத்தில் மாற்றம், மறுபடி ஸ்கேன் என்று போகும் வைத்தியம் இது. தசைநாண் ஆறுவதற்கு 9 முதல் 12 மாதம் ஆகும், சில குதிரைக்கு அதற்கு மேலும் இழுக்கும். பாலிசியிலோ ஒரு பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம்தான் செலவு தருவார்கள். கடைசி ஸ்கேனும் அதற்கு அப்புறம் வந்த பில்களும் என் தலையில். அதோடு, புதுப்பிக்கும்போது இடது காலை மட்டும் விலக்கவில்லை, வலது முன்காலையும் சேர்த்து விலக்கினார்கள். ஒரு காலில் வந்தால் மறு காலிலும் பாரம் ஏறி வரும் என்பது அவர்கள் வாதம். வாதம் தப்பு என்று சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். இன்றைக்கு நான் இன்சூரன்ஸ் செய்திருப்பது முன்கால்கள் இல்லாத ஒரு குதிரைக்கு.

இப்போது தாத்தா பக்கம்.

செவலைக்குக் கட்டும் பிரீமியத்தின் அளவுக்கே மாதாமாதம் இவன் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வைத்தேன். தானாகப் போகாவிட்டால் போகாது, எனக்கு என்னைத் தெரியும். ஒரு தடவை புதுச் சேணம் ஒன்றைப் பார்த்துவிட்டு அந்தக் கணக்கில் கை வைத்தேன், நாலு மாதத்தில் திருப்பிப் போட்டுவிட்டேன் என்றாலும் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சேமிப்பின் உண்மையான பலவீனம் இதுவும் இல்லை. போட ஆரம்பித்த மூன்றாவது மாதமே பெரிய செலவு வந்தால் கணக்கில் மூன்று மாதப் பணம்தான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு ஆபரேஷன் வாசலைக்கூட மிதிக்க முடியாது. இன்சூரன்ஸில் இருக்கும் ஆரம்பக் காத்திருப்புக் காலம் தாண்டிவிட்டால் முழுத் தொகையும் முதல் வருஷமே கிடைக்கும்.

ஆனால் நாலு வருஷத்தில் தாத்தாவுக்கு வந்த செலவுகளைப் பாருங்கள். குளம்புக்குள் சீழ் கட்டியது, தோண்டி விட்டுப் பற்றுப் போட்டுக் கட்டினார்கள். கண்ணில் புண், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, மூன்று நாள் தூக்கமே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பல் அராவுவது. இவற்றில் பல் வேலை எந்தப் பாலிசியிலும் வழக்கமான பராமரிப்பு என்று ஒதுக்கப்படும், மற்றவை பெரும்பாலும் நம் பங்குத் தொகைக்குள்ளேயே அடங்கிவிடும். அப்புறம் கோடை வந்தும் மயிர் உதிராமல் கரடி மாதிரி நின்றான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் குஷிங் என்று வந்தது, வயதான குதிரைகளுக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கோளாறு. கவனிக்காமல் விட்டால் குளம்புக்கு உள்ளே இருக்கும் திசு வீங்கி நடக்க முடியாமல் போகும் ஆபத்து உண்டு. பெர்கோலைடு மாத்திரை தினமும், உயிரோடு இருக்கும்வரை. 12 மாதக் கணக்கு வைத்திருக்கும் பாலிசியால் இதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. தாத்தாவின் கணக்கு சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, படிவம் இல்லை, எதை எப்போது கவனித்தீர்கள் என்ற விசாரணை இல்லை.

அவனுக்கு வயிற்று ஆபரேஷன் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துவிட்டோம். டாக்டரோடு உட்கார்ந்து, நிதானமாக, பகல் வெளிச்சத்தில் பேசி எடுத்த முடிவு. 21 வயதில் அந்த மயக்க மருந்தும் அந்த மூன்று மாதமும் அவனுக்கு வேண்டாம். இந்த முடிவை எடுத்தவுடனே, பெரிய ஆபரேஷனுக்காக இன்சூரன்ஸ் என்ற கேள்வியே அவனுக்கு இல்லாமல் போய்விட்டது. பலர் கணக்குப் போடும்போது இதைத்தான் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். பிரீமியத்தையும் பில்லையும் கூட்டிக் கழிப்பதற்கு முன்னால், அந்த டாக்டர் கேட்ட கேள்விக்கு உங்கள் பதில் என்ன என்று பாருங்கள். "பண்ண மாட்டேன்" என்றால் சேமிப்பு போதும். "பண்ணுவேன், பணமும் கையில் இருக்கிறது" என்றாலும் சேமிப்பு போதும். "பண்ணுவேன், ஆனால் பணம் இல்லை" என்பவர்களுக்குத்தான் இன்சூரன்ஸ், செவலை விஷயத்தில் நான் அந்தக் கூட்டம்.

மூன்றாவது சரக்கை, அதாவது சவாரிக்கு உதவாமல் போனால் தருவதை, நான் விட்டுவிட்டேன். விலை அதிகம், நிரூபிப்பது அதைவிடக் கஷ்டம். அடுத்தவர் சேதத்துக்கானதை மட்டும் இரண்டு குதிரைக்கும் கட்டுகிறேன், விடவே மாட்டேன். அரை டன் எடையுள்ள மிருகம் வேலி தாண்டி ரோட்டுக்கு ஓடி ஒரு காரில் மோதினால் வரும் செலவுக்கு எந்தச் சேமிப்பும் தாங்காது, பிரீமியமோ மற்றவற்றோடு பார்த்தால் சில்லறை.

மதிப்பெண் கேட்டால் அஞ்சுக்கு மூணரை தருவேன். பணம் தந்தார்கள், அதற்கு மூன்று. விலக்கை நீக்கச் சொல்லிக் கேட்டபோது மரியாதையாகப் பேசினார்கள், அதற்கு அரை. மீதி ஒன்றரை முன்கால்களோடு போய்விட்டது.

இந்த வருஷம் செவலைக்கு மதிப்பை உண்மையான விலைக்குக் குறைத்து, என் பங்குத் தொகையைக் கூட்டி, மருத்துவச் செலவை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு விலை கேட்டிருக்கிறேன். குறைகிற பிரீமியம் அப்படியே அவள் பெயரில் தொடங்கப்போகும் ஒரு கணக்குக்குப் போகும், இனிமேல் தாத்தாவிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. நாளை அவர்கள் போன் செய்வார்கள். இரண்டு முன்கால்களில் வலதையாவது திருப்பித் தருவார்களா என்று கேட்கப்போகிறேன், டாக்டரின் ஸ்கேன் அறிக்கையை எடுத்து வைத்தாயிற்று.